அசல் வாங்கிய சைடு மிரர்

"மலிவாகக் கிடைக்கிறதே என்று டூப்ளிகேட் உதிரிபாகம் வாங்குகிறவன், தன் குடும்பத்துக்குத் தன் கையாலேயே குழி வெட்டுகிறான்."

வெளிநாட்டு மாநாட்டு மேடையில் இப்படி முழங்கிய கார் கம்பெனித் தரக்கட்டுப்பாட்டு மேலாளருக்கு, முன்வரிசையில் இருந்த முதலாளி உட்படச் சபையே எழுந்து நின்று கைதட்டியது. மூச்சுக்கு மூச்சு 'அசல், அசல்' என்று சொல்வதால் கம்பெனியில் அவருக்கு அசல் என்றே பெயர். கைதட்டல் காதைவிட்டுப் போவதற்குள், அவர் அந்த வெளிநாட்டு நகரின் கோடியில் ஒரு பழைய இரும்புக் கடைச் சந்தில் தன் காருக்கு டூப்ளிகேட் சைடு மிரர் தேடிக்கொண்டிருந்தார். கம்பெனி மிரர் விலைக்கு, குதிரையை விற்றுத்தான் லாடம் வாங்க வேண்டும்.

மாட்டிக்கொண்டால் வேலை போய்விடும். டூப்ளிகேட் ஹாரன் மாட்டிய குற்றத்துக்காகப் போன மாதம்தான் ஒரு கிளை மேலாளரை முதலாளி வேலையைவிட்டே தூக்கியிருந்தார்.

சந்தில் ஈ காக்கை இல்லை. முனையில் மட்டும் கறுப்புக் கண்ணாடி போட்ட கார் ஒன்று எஞ்சினை அணைக்காமல் நின்றது.

"என்ன வேணும்ணே?" என்று தமிழிலேயே கேட்டான் கடைக்காரன். அயல்நாட்டில் தாய்மொழியைக் கேட்டு அசலுக்கு வியர்த்தது.

சொன்னார். அவன் எழுந்துபோய் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினான்.

"எதுக்குப்பா மூடுற?"

"உங்க நல்லதுக்குத்தான்."

மிரரைத் துணியில் சுற்றினான். மேசைக்கு அடியிலிருந்து ஒரு பையை உருவினான். போன வருடம் இதே ஊரில் நடந்த மாநாட்டில் கொடுத்த பை.

"இதுல போட்டுக் கொண்டுபோங்க. ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"நான் மாநாட்டுக்கு வந்தவன்னு உனக்கு யார் சொன்னா?"

"கழுத்துல அட்டை தொங்குதேண்ணே."

வெளியே வந்ததும் அந்தக் கார் ஊர்ந்தது. அவர் நடந்தால் நகர்ந்தது, நின்றால் நின்றது. ஓட்டமும் நடையுமாக விடுதிக்கு வந்து லிஃப்டில் ஏறினார். கதவு மூடப்போகிற நேரத்தில் ஒரு கை குறுக்கே வந்தது.

முதலாளி.

"அந்தச் சந்துக்குள்ள இருந்து நீ வந்ததைக் கார்ல உக்காந்து பாத்தேன்," என்றார். "என் ரூமுக்கு வா."

அறைக்குள் கதவைத் தாழிட்டார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

"எடு வெளியே."

மகளின் கல்லூரிப் படிப்பு, பாதியில் நிற்கும் வீடு எல்லாம் அந்த மிரரோடு சேர்ந்து மேசைமேல் வந்து உட்கார்ந்தன. முதலாளி அதைத் தூக்கிப் பார்த்தார். புரட்டினார். நகத்தால் சுரண்டினார்.

"உன் வண்டிக்கா?"

"தப்புதான் சார்."

"ஹாரன்காரனை என்ன பண்ணேன்னு ஞாபகம் இருக்கில்ல?"

"அந்த லெட்டரை டைப் பண்ணதே நான்தானே சார்."

முதலாளி தன் பெட்டியைத் திறந்து, துண்டில் பொதிந்திருந்த கனமான ஒன்றை எடுத்து அசலின் கையில் வைத்தார். பிறகு கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"இந்த ஹெட்லைட்டை மாத்திக் குடுப்பானான்னு கேட்டுட்டு வாய்யா. போன வருஷம் அவன்கிட்ட வாங்கினது, என் வண்டிக்குப் பொருந்தலை."