ஒரிஜினல்தான் சார்

"இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கற டிசைன் சாஃப்ட்வேர் ஒரிஜினலா?"

வந்தவர் கேட்டதும் அச்சக முதலாளியின் கை தானாகப் போய்ச் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டது.

பையில் ஒரு பென் டிரைவ். அதற்குள் அதே சாஃப்ட்வேரின் புத்தம்புதிய திருட்டுக் காப்பி. வாங்கப் போவதாக ஒரு வாரமாகக் கடையில் சொல்லிக்கொண்டிருந்து, நேற்றுதான் வாங்கி வந்திருந்தார். இன்று சாயங்காலம் ஏற்றுவதாக இருந்தது.

"ஒரிஜினல்தான் சார்," என்றார். வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லி நாக்கில் வழுக்கிக்கொண்டு வரும் பொய்.

வந்தவர் அந்தச் சாஃப்ட்வேர் கம்பெனியின் ஆள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது.

"திருட்டுக் காப்பி ஓடுதுன்னு புகார் வந்திருக்கு. பில் காட்டுங்க."

முதலாளிக்கு வேர்த்துக் கொட்டியது. புகார் எதிர்க்கடைக்காரன் வேலைதான் என்று அவனை வாய்க்குள்ளேயே திட்டினார். பிறகு டிசைனரைக் கைகாட்டினார்.

"எல்லாம் இந்தப் பொண்ணு போட்டதுதான் சார். எனக்குக் கம்ப்யூட்டரப் பத்தி ஒரு இழவும் தெரியாது."

டிசைனர் நிமிர்ந்து பார்த்தாள்.

மாட்டினால் இப்படித்தான் சொல்வேன் என்று டீ குடிக்கும்போதெல்லாம் அவர் சொல்லிச் சிரிப்பதுண்டு. கடையில் எல்லோரும் கூடச் சிரிப்பார்கள். அவள் மட்டும் சிரித்ததில்லை.

அவளுக்குக் கடையில் பூனை என்று பெயர். நடந்தால் சத்தம் வராது. பேசினால், ஓடுகிற அச்சு மெஷினுக்கு நடுவே, கேட்பவர் காதைக் கொண்டுபோய் அவள் வாயருகே வைக்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்த பழைய திருட்டுக் காப்பியோடு அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பாதி வேலையில் திரை வெளுத்துப் போகும். ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலரை அப்படியே விழுங்கிவிட்டுக் கம்மென்று இருந்தது ஒருநாள். வெளியிலிருந்து வரும் ஃபைல்களைத் திறக்காது. வெர்ஷன் குறைத்து அனுப்பச் சொல்லி ஊரெல்லாம் கெஞ்ச வேண்டும். யாரிடம் போய் முறையிடுவது? திருடின செருப்பு காலைக் கடிக்கிறது என்று செருப்புக்கடைக்கே போக முடியுமா?

காசு கொடுத்து வாங்கிவிடலாம் என்று ஒருமுறை சொன்னாள்.

"வாங்கலாமே. கடைய வித்தா வாங்கிரலாம்," என்றார் முதலாளி.

யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்த்துப் பழுதுபார்க்கலாம், அப்படி ஒரு சாஃப்ட்வேர் சும்மாவே கிடைக்கிறது என்றும் சொன்னாள்.

"சும்மா குடுக்கறவன் சும்மாவா குடுப்பான்? போய் வேலையப் பாரு."

கம்பெனிக்காரர் அவளருகே உட்கார்ந்தார். அங்கே காலையிலேயே அவள் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டு வைத்திருந்தாள்.

திரையில் அவருடைய கம்பெனியின் சின்னம் இருந்தது. அதன்மேல் சொடுக்கினார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

"இது எங்களோடது இல்லையே," என்றார் கம்பெனிக்காரர்.

"உங்களோடதுதான் சார்!" முதலாளி பதறினார். "சத்தியமா ஒரிஜினல் சார்! நல்லாப் பாருங்க!"

கம்பெனிக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு மூலை முடுக்கெல்லாம் தேடினார். சின்னம் மட்டும்தான் அவர்களுடையது. அதைச் சொடுக்கினால் திறந்தது வேறொன்று. யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று அவள் சொன்ன அந்த ஒன்று.

போன மழைக்காலத்தில் அவள் அதை ஏற்றினாள். பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, முதலாளி கண்ணுக்காகச் சின்னத்தை மட்டும் ஒட்டி வைத்தாள். அவரும் அதை மட்டும்தான் பார்த்தார். "பாத்தியா, பெரிய கம்பெனி சாஃப்ட்வேர்னா சும்மாவா!" என்று அதில் செய்த வேலைகளைக் காட்டி வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டார்.

அதிலும் குறை இல்லாமல் இல்லை. அச்சுக்குப் போனால் பச்சை வெளிறியது. அவளுக்குப் பேச வராதே தவிர எழுத வரும். அந்தச் சாஃப்ட்வேரைச் செய்கிறவர்களுக்கு, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நாலு வரி திட்டி எழுதினாள். எந்த நாட்டிலிருந்தோ ஒருவர் மன்னிப்புக் கேட்டு, விவரம் கேட்டு, அடுத்த வெர்ஷனில் சரிசெய்து விட்டார். திட்டினால் காதில் வாங்கிக்கொள்கிற சாஃப்ட்வேரை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

கம்பெனிக்காரர் எழுந்தார்.

"அந்தச் சின்னத்த மட்டும் எடுத்துருங்க. வீண் அலைச்சல். புகார் சொன்னவங்க பேசினது போன்ல ஒழுங்காக் கேக்கவுமில்ல."

அவர் தெருமுனை திரும்பும்வரை முதலாளி மூச்சுவிடவில்லை. திரும்பியதும் உட்கார்ந்து பெரிதாகச் சிரித்தார்.

"பூனைன்னா பூனைதான்! சத்தமில்லாம என்னமா வேல பாத்திருக்கே!"

பிறகு பையிலிருந்து பென் டிரைவை எடுத்தார். வியர்வையில் நனைந்திருந்தது. சட்டையில் துடைத்து, ஊதி, அவளிடம் நீட்டினார்.

"ஒருதடவ வந்து ஏமாந்தவன் இனிமே இந்தப் பக்கம் தலவெச்சுக்கூடப் படுக்க மாட்டான். இந்தா, சொருகு."

அவள் வாங்கவில்லை. ஏதோ சொன்னாள்.

"என்னது? வாயத் தொறந்து பேசேம்மா!"

அவள் எழுந்து போய் அச்சு மெஷினை நிறுத்தினாள். கடை அப்படி அமைதியாக இருந்து யாரும் கேட்டதில்லை.

"அதச் சொருகினா, மறுபடியும் போன் பண்ணுவேன்ணே."