அடுப்புக் காவல்

"ராத்திரி பூரா நெருப்பு முன்னாடி வெந்துகினு வர்றேன். ஊட்லயும் ஒரு நெருப்பாடி?"

வரதனுக்குக் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. இரும்பு உருக்கும் ஃபாக்டரியில் வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தால், கட்டையை எப்போது சாய்ப்போம் என்றிருக்கும்.

அவன் மனைவி செங்கம்மாள் காதில் வாங்கவில்லை.

ஃபாக்டரியில் இருந்த வெள்ளைக்கார இன்ஜினீயர் ஊருக்குத் திரும்பும்போது பங்களா சாமான்களை எல்லாம் விற்றார். ஆளாளுக்குக் கட்டில், நாற்காலி என்று அள்ளிக்கொண்டு போனார்கள். இவள் கேட்டது, தோட்டத்தில் உட்கார்ந்து குளிர் காய அவர் வைத்திருந்த அடுப்பை. பானை மாதிரி பெருத்த வயிறு, முன்னால் ஒரு வாய், மேலே புகை போக நீளமாய்க் கழுத்து.

இரும்பில் ஒன்று, மண்ணில் ஒன்று இருந்தது.

"வாங்கறதுதான் வாங்கற, இரும்பை வாங்கு. பழசானா எடைக்காவது போடலாம்" என்றான் வரதன்.

"மண்ணுதான் வேணும். நெருப்பு தணிஞ்சப்புறமும் சூடு நிக்கும்."

இடம் பார்ப்பதிலும் அதே பிடிவாதம். காற்று அடிக்காத பின்பக்கம் வைக்கச் சொன்னான். அவளோ தெரு வாசலில் கொண்டுபோய் வைத்தாள். பங்களா சமையல்காரர் சொன்னபடி அடியில் மணல் பரப்பினாள். பனியில் கிடந்த மண்ணுக்கு எடுத்த எடுப்பில் பெரிய நெருப்பு ஆகாதாம், விரிசல் விடுமாம். அதனால் முதலில் சவுக்குச் சுள்ளி, அது பிடித்த பிறகுதான் கட்டை.

கும்மிடிப்பூண்டியில் குளிர் என்று ஒன்று எட்டிப் பார்ப்பதே மார்கழியிலும் தையிலும்தான். அதற்கு ஒரு துரை வீட்டு அடுப்பு. தெருவே சிரித்தது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மீன்காரி கன்னியம்மாவை அடுப்புக்குக் காவல் வைத்ததுதான் வரதனுக்குப் பொறுக்கவில்லை.

கன்னியம்மா பழவேற்காடு ஏரிப் பக்கத்துக் குப்பத்துக்காரி. விடியும் முன்பே கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து இக்கரை வந்து, முதல் பஸ் பிடித்து, தெருத் தெருவாக மீன் விற்பவள். இவர்கள் வாசலுக்கு வரும்போதும் புடவை ஈரம் காய்ந்திருக்காது. இருமல் வேறு.

"கன்னிமா, எனக்கு உள்ள வேலை கீது. இந்த அடுப்பு அணையாம பாத்துக்கோ. கூலியா டீ தர்றேன்."

"சரிக்கா."

கூடையை இறக்கி வைத்துவிட்டு அடுப்பின் வாய்க்கு நேரே குந்துவாள். உள்ளே போன செங்கம்மாள் லேசில் வெளியே வரமாட்டாள். வந்தாலும் ஓர் அதட்டல்தான்.

"இன்னாடி, தணிஞ்சுகினு போவுது? நல்லா கிட்டக் குந்தி ஊது."

வரதன் ஒருநாள் கேட்டேவிட்டான். "பாவம்டி அது. ஒரு டீயைக் குட்த்துட்டு இப்டி வேலை வாங்கறியே?"

"மெதுவா பேசுய்யா. அவ காதுல வுழப் போவுது" என்று பல்லைக் கடித்தாள்.

செய்வது அநியாயம், அதில் ரகசியம் வேறு என்று நினைத்துக்கொண்டான். ஃபாக்டரியில் மேஸ்திரி அவனையும் இப்படித்தான் நடத்துவான். ஒரு டீயைக் காட்டியே இன்னொரு ஆள் வேலையையும் தலையில் கட்டிவிடுவான். பட்டவனுக்குத்தானே தெரியும்.

அன்றும் மேஸ்திரி கைவரிசையைக் காட்டியிருந்தான். வரதன் காலை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, வாசலில் கன்னியம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். கூடையில் பாதி மீன் அப்படியே இருந்தது. வெயில் ஏறினால் யார் வாங்குவார்கள்?

"எழுந்திரு கன்னிமா. நீ போயி யாவாரத்தைப் பாரு."

"அக்கா அடுப்பைப் பாத்துக்கச் சொல்லிச்சுண்ணே."

"நான் பாத்துக்கறேன். இனிமே இந்த வேலையே உனுக்கு வாணாம். அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன்."

கன்னியம்மா தயங்கித் தயங்கி எழுந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கூடையைத் தூக்கித் தலையில் வைத்து, இருமிக்கொண்டே போனாள்.

வரதனுக்கு மனசு லேசானது. நல்ல காரியம் ஒன்று செய்ததில் உடம்பு அலுப்புகூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

செங்கம்மாள் டீயோடு வந்தாள். "கன்னிமா எங்க?"

"அனுப்ச்சிட்டேன். இனிமே அடுப்பாண்ட குந்த வாணாம்னும் சொல்லிட்டேன். நானும் அடுத்தவங்கிட்ட ஒழைக்கிறவன்டி. என் ஊட்டு வாசல்ல இந்த அக்குறும்பு நடக்கக் கூடாது."

சண்டைக்கு வருவாள் என்று பார்த்தான். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

"ஈரத்தோட நடுங்கிகினு நிக்கிறாளேன்னு பழைய சொட்டர் குட்த்தேன். மறுநாளே அதுக்கு ஒரு கூறு இறாலை வச்சிட்டுப் போயிட்டா. டீ குட்த்தா, ஓசியில வாணாங்கான்றா. உள்ள வந்து அடுப்பாண்ட குந்துன்னா, யாவாரத்துக்கு வந்த ஊட்ல எப்டிக்கா குந்தறதுன்றா."

வரதன் திரும்பிக் கன்னியம்மா போன பக்கம் பார்த்தான்.

"எனக்கு இன்னாத்துக்குய்யா நெருப்பு? வேலைன்னு சொன்னாத்தான் குந்துவான்னு, வேலைன்னு சொல்லி அவளைக் குளிர் காய வச்சேன். அந்த வேலையத்தான் நீ புடுங்கிட்டே."