வலியசாலையில் ஒரு சுகர் டெஸ்ட்

“யார் கேட்டாலும் சுகர் டெஸ்ட்டுன்னுதான் சொல்லணும், கேட்டியா?” கல்யாணராமன் மறுபடியும் மிரட்டினார்.

“பயப்படண்டா அங்கிள். ரகசியம் வெளியே போகாது” என்று ஊசியைப் பிரித்தாள், திருவனந்தபுரம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்திருந்த மலையாளிப் பெண் ஆஷா.

மகன் ஆனந்தகிருஷ்ணனுக்கு மனச்சிதைவு நோய். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறான். இந்த வியாதிக்கு ஒரு குறிப்பிட்ட ஜீனும் காரணமா என்று பார்க்க, அப்பா, அம்மா, பிள்ளை மூவருடைய ரத்தமும் வேண்டுமாம்.

“கண்டுபிடிச்சா நல்லதுதானேப்பா. இதுல என்ன வெட்கம்?” என்றான் அவன்.

“வர்ற வெள்ளிக்கிழமை உன் தங்கைக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி காதுல விழுந்தா எல்லாம் போச்சு! வாயை மூடிண்டு கையை நீட்டு.”

நீட்டினான். அந்த நேரம் பார்த்தா வரணும்? சாட்சாத் சம்பந்தி பூதலிங்கமே, கையில் அல்வாப் பெட்டியோடு! உள்ளே எட்டிப் பார்த்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். கல்யாணராமனின் மனைவி விஜயலக்ஷ்மி மாமி அவசரமாகப் புடவைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டாள்.

“வாங்கோ, வாங்கோ! லேப்லேர்ந்து வந்திருக்கா. சுகர் டெஸ்ட்! எங்க குடும்பத்துல எல்லாருக்கும் சுகர், கேட்டேளா?” என்று பெருமையாகச் சொல்லிவிட்டார் கல்யாணராமன். அதுவும் சம்பந்தியிடம் சொல்லக்கூடிய விஷயமில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

“அதனாலென்ன? ஆஷா, நீ வேலையைப் பாரும்மா” என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்தார் பூதலிங்கம். ஆஷா தலையை நிமிர்த்தவே இல்லை.

அப்புறம் அல்வாவை யார் தொடுவது? மாமி சர்க்கரை போடாத காபியை மூஞ்சியைச் சுளிக்காமல் குடித்துக் காட்டினாள், பாவம். ஆனந்தகிருஷ்ணன் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு விட்டத்தைப் பார்த்தான்.

ரத்தக் குப்பிகளைப் பையில் வைத்துக்கொண்டு ஆஷா நழுவினாள். அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, பூதலிங்கம் தொண்டையைக் கனைத்தார்.

“இந்தப் பொண்ணு... எங்காத்தைப் பத்தி ஏதாவது சொல்லித்தா?”

“இல்லையே! உங்காத்தைப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்?”

பூதலிங்கம் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். “போன வாரம் எங்காத்துக்கும் வந்து, இதே மாதிரி மூணு பேர்ட்டயும் எடுத்துண்டு போனா.”

கல்யாணராமன் விரலை மடக்கி எண்ணினார். “மூணு பேர்னா? மாப்பிள்ளையோட அண்ணா துபாய்லன்னா இருக்கார்னு சொன்னேள்?”

“எங்க பெரியவன் துபாய்ல இல்லே, சம்பந்தி... ஆத்துலதான் இருக்கான்.”