மாப்பிள்ளைகளின் மௌன விரதம்

சந்திரகலாவுக்கு ஒரு பங்களா, ஒரு கார், கீழ்பென்னாத்தூரில் எட்டு ஏக்கர் நஞ்சை. புருஷன் இல்லை. இந்தச் செய்தி திருவண்ணாமலை முழுக்கத் தெரிந்ததுதான். ஆனால் மனப்பாடமே செய்து வைத்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் உரக்கடை கோதண்டராமன், இன்னொருவர் நிலத் தரகர் புகழேந்தி. இருவருமே ஐம்பதைத் தொட்ட தனிக்கட்டைகள், சொந்த வீட்டுக்காரர்கள்.

ஆறு மாதமாகப் போட்டி. கோதண்டராமன் தலைக்கு மை அடித்தால், புகழேந்தி மீசைக்கும் சேர்த்து அடித்தார். இவர் ஒரு மூட்டை மல்லாட்டைக் கடலை கொண்டுவந்து இறக்கினால், அவர் ரெண்டு மூட்டை அரிசி இறக்கினார். அந்த அம்மாள் கடைப்பக்கம் போயே மாசக்கணக்காகிறது!

ஒருநாள் அவள் கோதண்டராமனைத் தனியே கூப்பிட்டாள்.

"எனக்கு ஒரு வேண்டுதல் இருக்குதுங்க. நாளைக்கு வெறுங்காலோட மலை சுத்திட்டு வாங்க. என் வாசலுக்குத் திரும்பி வர்ற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது, கையில பையில ஒண்ணும் இருக்கக் கூடாது. வந்ததும் தட்டு மாத்திக்கலாம். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

விடிந்ததும் கோதண்டராமன் வந்து நின்றார். போன், பர்ஸ், சாவி, மோதிரம் எல்லாவற்றையும் அவள் நீட்டிய தாம்பாளத்தில் வைத்துவிட்டு நடையைக் கட்டினார். பங்களா கைக்கு வந்துவிட்ட மாதிரி அப்படி ஒரு நடை.

அடி அண்ணாமலை டீக்கடை அருகே திரும்பிப் பார்த்தால், பின்னால் புகழேந்தி! அவரும் வெறுங்கால், அவர் பையும் காலி. பாவம், அவரிடமும் அதே ரகசியம்தான் சொல்லப்பட்டிருந்தது.

'மோப்பம் பிடிச்சி வந்துட்டியாடா, படுபாவி!' என்று மனசுக்குள் மட்டும்தான் திட்ட முடிந்தது. முறைத்தார். புகழேந்தி பக்கத்தில் வந்து, அவர் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தார். வாய்வரை வந்த 'ஐயோ'வைக் கோதண்டராமன் அப்படியே விழுங்கினார்.

"அண்ணா, ரெண்டு டீயா?" என்றார் கடைக்காரர்.

வேண்டாம் என்று இருவரும் பதறித் தலையை ஆட்டிய ஆட்டலில் டீ வந்தேவிட்டது. கொடுக்கக் காசில்லை, சொல்ல வாயில்லை. எடுத்தார்கள் ஓட்டம்! குபேர லிங்கத்தில்தான் நின்றார்கள். அங்கே மட்டும் ரொம்ப நேரம், உருகி உருகிக் கும்பிட்டார்கள்.

பத்தரை மணிக்குக் கால் கொப்புளத்தோடு, ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு பங்களா வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். கதவில் பூட்டு தொங்கியது.

பக்கத்து வீட்டு சரோஜா எட்டிப் பார்த்தாள்.

"கலாக்காவையா பாக்க வந்தீங்க? இது அவங்க வீடு இல்லீங்க, வாடகைக்கு இருந்தாங்க. இப்பத்தான் காலி பண்ணிக்கினு போறாங்க. காலைல எங்கியோ போயி ரெண்டு மினி லாரி நெறைய சாமானோட வந்தாங்க. பீரோ, பிரிட்ஜ், அண்டா, குண்டான்... அடேங்கப்பா! பாத்திரத்துல எல்லாம் கோதண்டராமன், புகழேந்தின்னு பேரு வெட்டியிருந்துச்சி. யாருக்கா இவங்கன்னு கேட்டேன்."

இருவரும் வாயைப் பிளந்தபடி நிற்க, சரோஜா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"'எங்கண்ணனுங்க ரெண்டு பேரும் எனக்குக் குடுத்த சீரு'ன்னாங்க."