அர்த்தம் சொன்ன வாத்தியார்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். கேட்டால் உங்களுக்கும் வயிறு எரியும்.

வாத்தியார் பள்ளிக்கூடத்தில் இலக்கியம் நடத்துகிறவர். அன்றைக்கு ரத்தம் கொதிக்க, மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தார். பின்னாலேயே அவர் மனைவி.

கீழ்வீட்டில் அவர் தங்கச்சி பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். துணி தைக்கிற கம்பெனியில் அவளுக்குப் பதவி உயர்வு. வெளியூர்க் கிளையில் துணி வெட்டுகிற பிரிவு முழுக்க அவள் பொறுப்பு. நாளைக்குச் சேராவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"இடுப்பு ஒடிஞ்சு படுத்த படுக்கையா கிடக்கிற அம்மாவை விட்டுட்டுப் போக எப்படிடி மனசு வருது?"

தங்கச்சி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "வருதுண்ணா."

"தன்னலம்! அர்த்தம் தெரியுமா? தன் சுகம், தன் சோறு, தன் பொழைப்பு. மத்தவங்க எக்கேடு கெட்டா என்னங்கிறது. புலவருங்க காறித் துப்பின குணம்டி இது! உன்னை மாதிரி ஆளுக்கெல்லாம் இலக்கியத்துல இடமே கிடையாது."

"இலக்கியத்துல வேண்டாம்ணா. அந்த ஊர்ல வாடகைக்கு ஒரு ரூம் கிடைச்சாப் போதும்."

"வாயைப் பாரு!" என்றாள் அண்ணி.

வாத்தியார் அம்மாவின் அறைப் பக்கம் கையை நீட்டினார். உள்ளே போகவில்லை, மருந்து வாடை அவருக்கு ஒத்துக்காது. தினமும் காலையில் கூடத்தில் நின்றபடியே, "எப்படிம்மா இருக்கே?" என்பார். "இருக்கேண்டா" என்று பதில் வரும். பிள்ளையின் கடமை அத்தோடு தீர்ந்தது.

"அந்த ஜீவன் ஒரு வாய் தண்ணிக்கு யாரைக் கூப்பிடும்? சொல்லுடி!"

"உங்களைத்தான். மேல கூட்டிட்டுப் போய் வச்சுக்கோங்க."

அண்ணி முந்திக்கொண்டாள். "எங்களுக்கு மட்டும் ஆசையில்லையா? எழுந்திரிக்கவே முடியாதவங்க மாடி எப்படி ஏறுவாங்க? படி மட்டும் இல்லேன்னா நான் தாங்கு தாங்குன்னு தாங்க மாட்டேனா!"

அறைக்கதவு திறந்தது.

அம்மா நடந்து வந்தாள். மெதுவாகத்தான். ஆனால் எதையும் பிடிக்கவில்லை. கையில் ஒரு துணிப்பை வேறு.

வாத்தியார் நீட்டின கையை இறக்கினார். "அம்மா... நீ எப்போ நடக்க ஆரம்பிச்சே?"

"மழைக்காலத்துக்கு முன்னாடியே. இவதான் தினமும் கையைப் பிடிச்சு நடக்க வச்சா. நீ ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

மகளின் கன்னத்தைத் தட்டினாள். "நீ கிளம்புடி, பஸ் போயிடும்."

பிறகு துணிப்பையை மருமகள் கையில் கொடுத்துவிட்டு, அம்மா மாடிப்படி ஏற ஆரம்பித்தாள்.