அடுப்பில் ஒரு கை

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்கு வாங்கு சொல்லி முடிந்திருக்கிறது. குசினி யன்னலால் சாய்ந்து வரும் வெயில் ஆறிப்போன விறகடுப்பின்மேல் விழுகிறது. ஹிதாயா சாம்பலைத் தகர வாளிக்குள் அள்ளி, தணல் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று அகப்பைக் காம்பால் கிளறிப் பார்க்கிறாள். புகைக்கூட்டுக் கரியைத் தட்டியாயிற்று. இனிக் களிமண் பூச்சுத்தான். வியாழன்தோறும் அடுப்பு முழுவதையும் மெழுகுகிறவள், இடது ஓரத்தில் உள்ளங்கையளவு இடத்தை மட்டும் தொடுவதேயில்லை. கட்டாருக்கு வேலைக்குப் புறப்பட்ட கிழமையில்தான் அவள் புருஷன் சியாத் இந்த அடுப்பைக் கட்டினான். ஈரம் காயுமுன் அவன் ஊன்றிய கை ஐந்து விரலோடும் அங்கே இருக்கிறது. மூன்று வருடச் சூட்டில் அதன் நடுவே வெடிப்பு ஓடியிருக்கிறது. இன்று காலை அந்த வெடிப்பால் நெருப்பு எட்டிப் பார்த்து, பக்கத்தில் கிடந்த விறகின் நுனியைக் கருக்கிவிட்டது.

பால்மாத் தகரப் பேணியில் சாய்த்து வைத்த போனில் அவன் முகம். "வெடிப்பப் பூசிட்டியா புள்ள? நெருப்போட விளையாடாத."

"ஓம், பூசத்தான் போறன்," என்கிறாள். களிமண் உருண்டை அவள் கைக்குள் பிசைபட்டுக்கொண்டே இருக்கிறது. "இஞ்ச பாருங்க, உங்கட கைய ஒருக்கா காட்டுங்க."

"என்னத்துக்கு?"

"காட்டுங்களன்."

அவன் சிரித்துக்கொண்டே கையை விரித்துக் கெமராவோடு ஒட்டிப் பிடிக்கிறான். திரை முழுக்க உள்ளங்கை. அதிலிருந்து கண்ணை எடுக்காமல், ஹிதாயா பெருவிரல் பள்ளத்தில் முதல் மண்ணை அப்புகிறாள்.