மேலே ஒரு மிதி, கீழே ஓர் இடி

கீழேயிருந்து ஓர் இடி விழுந்தது. உடனே மேலேயிருந்து ஒரு மிதி. நடு மாடியில் பியானோ முன்னால் உட்கார்ந்திருந்தவர் கையை எடுத்துவிட்டுப் பல்லைக் கடித்தார்.

கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். மேல்வீட்டுப் பெண் குதிகாலால் தரையை மிதிப்பாள். இவர் ஜாஸ் வாசிக்க உட்கார்ந்தால் போதும், இருவரும் சொல்லிவைத்தாற்போல் ஆரம்பித்துவிடுவார்கள்.

"நான் வாசிக்கும்போது ஒரு நாளும் தட்டினதில்லையே," என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"நீ வாசிக்கிறதை யாரு காது குடுத்துக் கேக்கறாங்க, தட்டுறதுக்கு?" என்று அவள் வாயை அடைத்தார். அவர் வேலைக்குப் போனதும் அவள் பியானோவில் உட்கார்ந்து ஏதோ செய்து பார்ப்பது அவருக்குத் தெரியும். போகட்டும், அவளுக்கும் பொழுது போக வேண்டுமே என்று பெரிய மனசு பண்ணி விட்டிருந்தார்.

ஆனால் அன்று அவரை ஆட்டிவைத்தது இந்த இடி மிதி அல்ல, ஹோட்டல் மேனேஜர். அங்கே வரவேற்புக் கூடத்தில் வருடக்கணக்காகத் தனியாளாக வாசித்து வந்தவரைக் கூப்பிட்டு, மேனேஜர் சாவகாசமாக ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். மூன்று பேர் கொண்ட குழுவாக வந்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் பியானோ இருக்கும் இடத்தில் மீன்தொட்டி வரும். போயும் போயும் மீனோடு போட்டி போட வேண்டியதாகிவிட்டதே என்று அவருக்கு அழுகையே வந்தது.

பியானோவோடு சேர பேஸ் என்கிற தந்தி வாத்தியம் ஒன்று, ஒரு டிரம்ஸ். அவ்வளவுதான் வேண்டும். முன்பு ஒருமுறை தன்னோடு வாசித்த பேஸ்காரரைக் கேட்டார், அவருக்குத் திடீரென்று இடுப்பு பிடித்துக்கொண்டது. அதேபோல் ஒருமுறை தன்னோடு வாசித்த டிரம்ஸ்காரரின் போன் இவர் கூப்பிடும்போதெல்லாம் அணைந்தே கிடந்தது. நல்ல கலைஞர்களுக்கு உடம்பும் போனும் ஒழுங்காக இருப்பதே இல்லை என்று நொந்துகொண்டார்.

மறுநாள் லிப்ட் வாசலில் அவருக்குக் கண் திறந்தது. கீழ்வீட்டுக்காரர் ஆளுயர டபுள் பேஸ் ஒன்றை உள்ளே தள்ள முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மேல்வீட்டுப் பெண்ணின் கைப்பையிலிருந்து இரண்டு டிரம்ஸ் குச்சிகள் எட்டிப் பார்த்தன.

அடப்பாவிகளா, இத்தனை நாளும் தட்டியது கோபத்தில் அல்ல, கூடவே வாசித்திருக்கிறார்கள்! அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு காலை லிப்டுக்குள் வைத்தபடியே மேனேஜர் போட்ட நிபந்தனையைச் சொல்லி, மூவரும் சேர்ந்து குழு ஆரம்பிக்கலாமே என்று கேட்டுவிட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யோசித்து, மறுநாள் சாயங்காலம் வந்து சொல்வதாகச் சொன்னார்கள்.

அதற்குள் அவர் குழுவுக்குத் தன் பெயரையே வைத்து, மேடையில் விளக்கு யார்மேல் அதிகம் விழ வேண்டும் என்பதுவரை முடிவு செய்துவிட்டார். கலைஞர்கள் வரும் நேரத்தில் குறுக்கே வராமல் சமையலறையிலேயே இருக்கும்படி மனைவியிடம் கண்டித்துச் சொன்னார். அவள் சரியென்று தலையாட்டிவிட்டு டீ போடப் போனாள்.

சாயங்காலம் இருவரும் வாத்தியங்களோடேயே வந்து நின்றார்கள். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அருமையான யோசனை சார்," என்றார் கீழ்வீட்டுக்காரர். "ஹோட்டல்ல நாங்களே போய்ப் பேசிட்டோம். மேனேஜருக்கும் சம்மதம். எங்களுக்கு ரொம்ப நாளா ஒரே ஆசைதான், இந்த வீட்டுப் பியானோவோட சேர்ந்து வாசிக்கணும்."

இனி மீனாவது தொட்டியாவது! பியானோக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விரல்களைச் சொடுக்கெடுத்தபடி, இப்போதே ஆரம்பித்துவிடலாமா என்று கேட்டார்.

மேல்வீட்டுப் பெண் கொஞ்சம் நெளிந்தாள். பிறகு அவர் தலைக்கு மேலாகச் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"ஆரம்பிக்கலாம் சார். அக்காவைக் கொஞ்சம் கூப்பிடுங்க."